இரட்டை சைக்கிளில் பாகலூர் வரை

இரண்டு பேர் மிதிக்க வேண்டிய சைக்கிளை ஒருத்தி மட்டும் மிதித்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குள் போனால் ஊரே பின்னால் ஓடி வருகிறது.

"யக்கா! பின்னாடி ஆளு உழுந்துட்டாங்க! நில்லுக்கா!"

டீக்கடையில் நின்றவர் கிளாஸோடு ஓடி வந்தார். பூக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நான் வந்த பாதையை எட்டிப் பார்த்தார். பள்ளிச் சீருடையில் நின்ற ஒரு பெண் மட்டும் என்னையும் காலி சீட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஆளே ஏறலடி" என்று தோழியிடம் தீர்ப்புச் சொன்னாள். அவள் நன்றாக வருவாள்.

புதுச்சேரியில், கடற்கரைக்கு வருகிறவர்களுக்கு சைக்கிள் வாடகைக்கு விடும் கடையில் எனக்கு வேலை. காற்றடிப்பேன், செயினுக்கு எண்ணெய் விடுவேன், பிரேக் பார்ப்பேன். கடையில் ஒரு இரட்டை சைக்கிள் இருந்தது. முன்னும் பின்னுமாக இரண்டு சீட், நான்கு பெடல். புதிதாகக் கல்யாணமானவர்கள் ஆசையாக எடுத்துப் போவார்கள். திரும்பி வரும்போது ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். ஓசூரில் ஒரு சைக்கிள் குழு, கண் தெரியாதவர்களைப் பின்சீட்டில் உட்கார வைத்து ஓட்ட அதைக் கேட்டது. முதலாளி கொடுத்துவிட்டார். "சேத்துட்டு அன்னிக்கே திரும்பிடு" என்றார். அன்றைக்கே திரும்பியதாக என் வாழ்க்கையில் ஒரு பயணமும் கிடையாது. அவருக்கும் அது தெரியும்.

காலித் தக்காளிப் பெட்டி ஏற்றிய லாரியில் வந்தேன். ஓசூர் வரை என்று சொன்ன டிரைவருக்கு கிருஷ்ணகிரியில் போன் வந்தது. திரும்பவும் மத்தூருக்கே போய் ஏதோ ஏற்ற வேண்டுமாம். என்னையும் சைக்கிளையும் இறக்கி விட்டுவிட்டுப் போனார். இறக்கி விடப்படுவது எனக்குப் புதிதல்ல. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடம் இறக்கி விட்டது. பிறகு புருஷன் இறக்கி விட்டான். இரண்டு தடவையும் நடந்தே வீடு போய்ச் சேர்ந்தேன். இந்தத் தடவை சைக்கிளாவது இருந்தது. நான் புதுக்கோட்டைக்காரி. எங்கள் பக்கத்துப் பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் கற்றுக்கொண்ட காலத்தில் வளர்ந்தவள். கிடைத்த சைக்கிளில் ஏறுவது எனக்குச் சாப்பிடுவது மாதிரி.

பஸ் கண்டக்டர் ஒருவர் சைக்கிளை நீளவாக்கில் பார்த்துவிட்டு, "இதுல பஸ்ஸ ஏத்திக்கினு போலாம்மா, பஸ்ஸுல இத ஏத்த முடியாது" என்றார். கடைசியில் ரோஜாச் செடி ஏற்றிய மினி லாரி ஒன்று நின்றது. டிரைவர் சைக்கிளைப் பின்னால் படுக்க வைத்துக் கட்டிவிட்டு, வீட்டுக்குப் போன் போட்டுத் தெலுங்கில், "வர லேட்டாகும், ஒரு அம்மாவையும் ஒரு ஏணியையும் ஏற்றியிருக்கிறேன்" என்றார். நெல்லூர்ப் பக்கம் இறால் பண்ணையில் கொஞ்ச காலம் இருந்ததால் எனக்குத் தெலுங்கு புரியும். "ஏணி இல்லண்ணே, சைக்கிள்" என்றேன். சூளகிரி வரும்வரை அவர் வாயே திறக்கவில்லை. அதற்கு முன் போனில் வேறு என்னவெல்லாம் பேசினோம் என்று யோசித்திருப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஓசூரில் இறங்கியபோது பல் கிட்டியது. புதுச்சேரியில் மார்கழி என்றால் வாசலில் பெரிய கோலம். இங்கே மார்கழி என்றால் குரங்குக் குல்லா. தொழிற்பேட்டை டீக்கடை ஒன்றில் குல்லா போட்ட கூட்டம் காத்திருந்தது. அதுதான் நான் தேடி வந்த சைக்கிள் குழு. தங்களுக்கு 'ஞாயிறு செட்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லோரும் கம்பெனி ஆட்கள். ஒவ்வொரு வாயிலும் ஒரு ஜில்லாத் தமிழ். உள்ளூர்க்காரர்களோ தெலுங்கில் ஆரம்பித்து, கன்னடத்தில் திட்டி, தமிழில் முடிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சேர்ந்து சைக்கிள் விடுவார்கள். கை கால் கண் ஒத்துழைக்காதவர்களுக்குத் தோதாக வண்டி செய்து கொடுத்துக் கூட்டிப் போவார்கள். அடிக்கடி அடிபடும் இடங்களில் ரோட்டைச் சரி செய்யச் சொல்லி ஆபீஸ் ஆபீஸாகப் போய் நச்சரிப்பார்கள்.

"வாங்கக்கா, குளிருதா? இதெல்லாம் ஒண்ணுமே இல்லீங்க, இனிமேதான் இருக்குது" என்றார் மஞ்சுநாத். பாகலூர்க்காரர், கம்பெனியில் ஃபிட்டர், செட்டுக்குத் தலைவர் மாதிரி. அந்த வாரம் அவருக்கு இரவு ஷிப்ட். கண் இரண்டும் மிளகாய்ப் பழம் போல இருந்தன.

பக்கத்தில், தரையோடு தரையாக, கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிளில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மஞ்சுநாத் வெல்டிங் அடித்துச் செய்து கொடுத்தது. "நான் கணேசன், திருவாரூர். எந்திரிச்சு மரியாத பண்ணலைன்னு நெனச்சுக்காதீங்கக்கா, பொறந்ததுலேருந்தே நான் திமிர் புடிச்சவன்" என்றார். இளம்பிள்ளை வாதக் கால்கள்.

பின்சீட்டுக்கு உரியவள் தனம். இருபத்தைந்து வயதிருக்கும், தேனிப் பக்கம். வெளிச்சமும் இருட்டும் தெரியும், ஆள் தெரியாது. கம்பெனியில் பேக்கிங் பிரிவு. சைக்கிளின் முன் சக்கரத்தில் கை வைத்து, தடவிக்கொண்டே நடந்தாள். பாதி வழியில் நின்று, "இன்னும் முடியலையா? ஆத்தாடி, பஸ்ஸையில்ல கொண்டாந்திருக்காங்க" என்றாள். பின்சீட் கைக்கு வந்ததும் அதைத் தட்டிக் கொடுத்தாள்.

கணேசன்தான் விஷயத்தைச் சொன்னார். தனத்தோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண்ணை, ஷிப்ட் முடிந்து ரோட்டைக் கடக்கும்போது ஒரு பைக் அடித்துவிட்டது. கால் எலும்பு முறிந்து அவள் ஊருக்குப் போய்விட்டாள். கண் தெரிந்தவளுக்கே இந்தக் கதி என்று தனத்தின் வீட்டில் ஒரே அழுகை. வேலையை விடச் சொல்லி, கையோடு கூட்டிப் போக அண்ணன் முருகேசன் சனிக்கிழமை வருகிறார். தனம் போனில் அண்ணனிடம் ஒரு பேச்சுப் பேசி வைத்திருந்தாள்: ஞாயிற்றுக்கிழமை பாகலூர் வரை சைக்கிளில் போய் வருகிறேன், கூடவே வந்து பார், பார்த்த பிறகும் ஊருக்கு வா என்று சொன்னால் வருகிறேன்.

முன்பு பெங்களூரிலிருந்து இரவல் வாங்கிய இரட்டை சைக்கிளில் அவள் பலமுறை போயிருக்கிறாள். அது திரும்பிப் போய்விட்டது. அப்போது முன்சீட்டில் ஓட்டிய பெண்ணுக்கு இந்த ஞாயிறு ஷிப்ட். மஞ்சுநாத் இரவு ஷிப்டில் கண் விழிக்கிறவர். மற்றவர்களுக்கு அவ்வளவு பழக்கமில்லை. பேச்சு இங்கே வந்ததும் எல்லாக் குல்லாவும் என் பக்கம் திரும்பின.

"நீங்க எப்பக்கா ஊருக்கு?" என்றார் மஞ்சுநாத்.

"இன்னைக்கு ராத்திரி."

"அப்படிங்களா. களி சாப்புடுவீங்களா?"

நான் தங்கிவிட்டேன்.

மறுநாள் காலை மஞ்சுநாத் கையில் ஒரு துண்டோடு வந்தார். செட்டின் விதி இது: முன்சீட்டில் உட்காரப் போகிறவர் முதலில் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஒரு சுற்று வர வேண்டும். "கலெக்டரே வந்தாலும் இந்தத் துண்டுதான்" என்றார் கணேசன்.

நான் காஷ்மீருக்கு ஆப்பிள் லாரியில் போனவள். ராமேஸ்வரத்தில் புயலில் படகுக்குள் படுத்திருந்தவள். ஓசூரில் ஒரு கிலோமீட்டர் தூரத்துக்குள் இவ்வளவு இருக்கும் என்று தெரியாது. காதுக்குள் பஸ் போனது. தோளில் லாரிக் காற்று அடித்தது. யாரோ பக்கத்தில் வந்து பாக்குத் துப்பினார்கள். மஞ்சுநாத் முன்னாலிருந்து, "லெப்டு... பள்ளம்... மேடு வருது, எந்திரிச்சுக்கோங்க... நிறுத்தறன்..." என்று சொல்லிக்கொண்டே போனார். நானும் தைரியம் வந்து பாட ஆரம்பித்தேன். அப்போது ஒரு வேகத்தடையை அவர் சொல்லவில்லை. சைக்கிள் ஏறி இறங்கியது. நான் ஏறினேன், இறங்குவதற்கு சீட் இருக்கிறதா என்று தெரியவில்லை. அந்த நொடியில் குலதெய்வத்தின் பெயர்கூட வாயில் வரவில்லை.

"வேணும்னேதான் சொல்லலக்கா" என்றார், துண்டை அவிழ்த்துவிட்டு. "ஒரு தடவ தூக்கிப் போட்டாத்தான் அப்பறம் மறக்க மாட்டீங்க." அடிப்பதற்குக் கையை ஓங்கினேன். சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் ஷிப்ட் முடிந்து தனம் வந்தாள். ஏறின நிமிஷத்திலிருந்து கேள்வி.

"அக்கா, வலது பக்கம் பெருசா என்ன? நிழலு விழுகுது."

"விளம்பர போர்டு."

"என்ன விளம்பரம்?"

"வீட்டுமனை. ஒரு பொண்ணு சிரிச்சுக்கிட்டு நிக்குது."

"என்ன சேல கட்டியிருக்கா?"

சேலையைப் பார்க்கத் திரும்பினேன். சைக்கிள் தார் ரோட்டை விட்டு இறங்கி, புதருக்குள் மெதுவாகப் போய் நின்றது. இரண்டு பேரும் ஆவாரஞ் செடியில் சாய்ந்துகொண்டிருந்தோம். பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"சேல நல்லாருந்துச்சாக்கா?" என்றாள்.

அன்றிரவு மஞ்சுநாத் வீட்டில் பிதுக்குப் பருப்புக் குழம்பு. ஊற வைத்த அவரைக் கொட்டையை ஒவ்வொன்றாக விரலால் பிதுக்கித் தோலை உரிக்க வேண்டும். பருப்பு வழுக்கிக்கொண்டு துப்பாக்கிக் குண்டு மாதிரி பறக்கும். கணேசன் குறி பார்த்து என் காபித் தம்ளரில் போட்டார். களி உருண்டையை மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று மூன்று மொழிகளில் சொன்னார்கள். நான் மூன்று மொழிகளிலும் மென்றேன். பசி என்றால் என்ன என்று தெரிந்த வயிறு எனக்கு. அந்தக் களி விடிகிற வரைக்கும் உள்ளே காவல் இருந்தது.

சனிக்கிழமை ரோட்டு வேலை. தனத்தின் அறைத்தோழி அடிபட்ட இடம், பாகலூர் ரோட்டுக்குப் பக்கத்தில் கம்பெனிக்குப் பிரியும் ஊராட்சி ரோடு. அங்கே வேகத்தடைக்கும் நடந்து கடக்கும் இடத்துக்கும் பெயிண்ட் அடித்துக்கொள்ள ஊராட்சியில் அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆளாளுக்கு டப்பா கொண்டுவந்தார்கள். திறந்தால் எல்லாம் மஞ்சள். கம்பெனிகளில் தரையில் கோடு போட்டு மிஞ்சிய பெயிண்ட்.

கயிறு பிடித்து, டேப் ஒட்டி, அவ்வளவு சுத்தமாக வேலை பார்த்தார்கள். ரோட்டோரமாக நேராக இரண்டு மஞ்சள் கோடு, நடுவில் நடக்கிற ஆளின் பாதம் இரண்டு. கடக்கும் இடத்தில் மஞ்சள் கட்டம். வண்டி வரும் பக்கம் ஒரு விரிந்த உள்ளங்கை. பாதம் வரைய என் செருப்பை வாங்கிக்கொண்டார்கள். ஓசூரில் ரோடு இப்படித்தான் இருக்கும் போல என்று நானும் செருப்பில்லாமல் நின்று ரசித்தேன்.

ஊராட்சிச் செயலர் ஸ்கூட்டரில் வந்தார். இறங்கினார். இந்தப் பக்கம் நடந்தார், அந்தப் பக்கம் நடந்தார்.

"மஞ்சுநாத்து, ஜீப்ரா கோடு எங்கப்பா?"

மஞ்சுநாத் ரோட்டைப் பார்த்தார். செட்டே ரோட்டைப் பார்த்தது. தினமும் எட்டு மணி நேரம் பார்க்கும் தரையை அப்படியே கொண்டுவந்து ரோட்டில் போட்டிருந்தார்கள். கம்பெனிக்குள் ஆள் நடக்க மஞ்சள் கோடு, சாமான் தூக்கும் வண்டி நிற்க மஞ்சள் கை. வெள்ளைப் பட்டை ஒருவர் ஞாபகத்திலும் வரவில்லை.

"ஐயோ" என்றார் மஞ்சுநாத், நெற்றியில் கை வைத்து. நெற்றியும் மஞ்சள் ஆனது.

"இது ரோடா, உங்க கம்பெனியா? திங்கக்கெழம கறுப்பு பெயிண்ட் வாங்கி எல்லாத்தையும் அழிச்சுருங்க. மேல இருந்து யாராச்சும் பாத்தா என்னைத்தான் கேப்பாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டோ வந்து நின்றது. பயணப் பையோடு இறங்கியவர் தனத்தின் அண்ணன் முருகேசன். கம்பம் பக்கத்து மலைத் தோட்டங்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர். தங்கச்சியின் தலையைத் தொட்டுப் பார்த்தார், கையைத் திருப்பிப் பார்த்தார். எங்கும் கீறல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ரோட்டைப் பார்த்தார்.

"இந்தக் கோட்டப் பாத்து வண்டிக்காரன் நின்டுருவானாக்கும்? நானும் வண்டி ஓட்டுறவந்தேன். கோலம் போட்டு வெளையாடிக்கிட்டு இருக்கீக." பிறகு தனத்திடம், "நாளைக்கு ராத்திரி பஸ்ஸு, பாப்பா. ரெண்டு பேருக்கும் டிக்கெட்டு சொல்லிட்டேன்" என்றார்.

"ஒனக்கு மட்டும் போதும்ணே" என்றாள் தனம்.

"அத நாளைக்குப் பாப்போம்."

"நாளைக்கே பாரு."

கணேசன் வண்டியை அருகே உருட்டிக்கொண்டு வந்து, "வாங்க மச்சான், டீ சாப்புடுவோம்" என்றார்.

"யாருக்கு யாரு மச்சான்?" என்று முருகேசன் எகிறினார். டீயைக் குடித்தார்.

ஞாயிறு. பனி மூடி ரோடே தெரியவில்லை. செட் முழுக்கக் கூடிவிட்டது. நான் முன்சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முருகேசன் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"எந்தங்கச்சி பின்னால உக்காந்தா முன்னால நாந்தேன். வேற யாரையும் நம்பி விட மாட்டேன். கோச்சுக்கிறாதீகக்கா."

மஞ்சுநாத் துண்டை எடுத்தார்.

மலையில் ஜீப் ஓட்டுகிற மனுஷன் கண்ணைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தபோது எப்படி இருந்தார் என்கிறீர்கள்? பல் பிடுங்க வந்தவர் போல இருந்தார். நான் ஓட்டினேன். "பிரேக்க பிடிங்க, பிரேக்க!" என்று பின்னாலிருந்து கத்தினார். அவர் காலும் காற்றில் இல்லாத பிரேக்கை மிதித்தது. எனக்குப் பாவமாக இருந்தது. ஒவ்வொரு மேட்டையும் பள்ளத்தையும் முன்கூட்டியே சொல்லிச் சொல்லி, பல்லக்கில் போல கூட்டிப் போனேன். அது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அப்போது தெரியவில்லை.

மஞ்சள் கோடு போட்ட இடத்துக்குப் போகும்போது கம்பெனியில் ஷிப்ட் விட்டது. இரவு முழுக்க நின்று வேலை பார்த்த கூட்டம் வாசல் வழியாகக் கொட்டியது. தூக்கக் கலக்கத்தில் பாதிப் பேருக்குக் கண்ணே திறக்கவில்லை. மஞ்சள் கோடு காலடியில் வந்ததும் அத்தனை பேரும் தானாக ஒற்றை வரிசையில் ஏறிக்கொண்டார்கள். கடக்கும் இடத்தில் முதல் ஆள் நின்றான். வலது கையை நீட்டி வலது பக்கம் காட்டினான். இடது பக்கம் காட்டினான். பிறகு கடந்தான். அடுத்தவனும் அப்படியே. அதற்கடுத்த பெண்ணும் அப்படியே. கம்பெனிக்குள் அப்படித்தான் கடக்க வேண்டுமாம். காட்டாமல் கடந்தால் சூப்பர்வைசர் திட்டுவாராம். எதிரே வந்த கம்பெனி வேன்கள், அடுத்த ஷிப்டுக்கு வந்த பைக்குகள் எல்லாம் மஞ்சள் கைக்கு முன்னால் கோடு போட்டது போல நின்றன. ஓட்டியவர்களும் அதே தரையில் வேலை பார்ப்பவர்கள்தானே.

நானும் நின்றேன். சிரிப்பை அடக்கப் பார்த்து மூக்கில் சத்தம் வந்தது.

"என்னக்கா, ஒரு ஹாரனையும் காணோம்? யாரும் செத்துப் போயிட்டாகளா?" என்று பின்னாலிருந்து முருகேசன் கேட்டார். துண்டை அவராகவே மேலே தள்ளினார்.

பனிக்குள்ளிருந்து ஒருவர் பின் ஒருவராக ஆட்கள் வந்து, வலது பக்கம் கையைக் காட்டி, இடது பக்கம் கையைக் காட்டி, கொட்டாவி விட்டுக்கொண்டே போனார்கள். அவசரமாக ஒரு பைக் நடுவில் நுழையப் பார்த்தது. வரிசை மொத்தமும் மூன்று மொழிகளில் அவனைத் திட்டியது. அவன் காலை ஊன்றிப் பின்னால் தள்ளிக்கொண்டு போனான்.

"என்னய்யா இது, கூத்து" என்றார் முருகேசன், வாயைத் திறந்தபடி.

எதிர்ப்பக்கம் ஊராட்சிச் செயலர் ஸ்கூட்டரில் நின்றிருந்தார். எவ்வளவு பரப்புக்குக் கறுப்பு பெயிண்ட் வேண்டும் என்று பார்க்க வந்திருக்கிறார். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே வந்து சேர்ந்த மஞ்சுநாத்திடம், "வெள்ளப் பட்டையும் நடுவால போட்டுருப்பா. கறுப்ப அப்பறம் பாக்கலாம்" என்றார். வண்டியைத் திருப்பும்போது அவர் கையும் வலது பக்கம் லேசாக நீண்டது. நான் பார்த்தேன்.

டீக்கடைக்குத் திரும்பி வந்து, முருகேசன் பக்கத்து மைதானத்தில் சில சுற்று பழகினார். பிறகு தனம் பின்னால் ஏறினாள். எனக்கு ஒரு ஒற்றை சைக்கிள் கிடைத்தது. பாகலூருக்குப் புறப்பட்டோம்.

இரண்டு பக்கமும் ரோஜாத் தோட்டக் கொட்டகைகள், பனியில் வெள்ளையாக. கணேசன் தரையோடு தரையாகக் கையைச் சுழற்றி எங்கள் எல்லோரையும் முந்திக்கொண்டு போனார். "மச்சான், பெட்ரோல் தீந்துருச்சா?" என்று திரும்பிக் கத்தினார். தனம் பின்னாலிருந்து அண்ணனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டு வந்தாள்: "ஒடம்ப ஆட்டாதண்ணே. ரெண்டு பேரும் சேந்து மிதிக்கணும். நீ தனியா எங்க போற?" குளிர்காற்று காதில் அடிக்க, முன்னால் ஒரு கூட்டமும் பின்னால் ஒரு கூட்டமுமாகப் போனபோது எனக்குக் காரணமே இல்லாமல் சந்தோஷம் வந்து ஊளையிட்டேன். இரண்டு நாய்கள் பதில் சொல்லின.

பாகலூருக்குச் சற்று முன்னால் ஒரு இறக்கம். முருகேசனுக்கு ஜீப் ஞாபகம் வந்திருக்க வேண்டும், விட்டார் வேகமாக. கீழே பெயிண்ட் அடிக்காத ஒரு வேகத்தடை, ரோட்டு நிறத்திலேயே. அவர் கண்டார். பெடலில் எழுந்து நின்றார். வாயைத் திறந்து சொல்லத்தான் தோன்றவில்லை.

தனம் மேலே போய்க் கீழே வந்தாள். ஹேண்டில்பாரில் வாய் மோதியது. விழவில்லை. சைக்கிள் நின்றபோது அவள் உதட்டிலிருந்து ரத்தம் தாடைக்கு வந்திருந்தது.

முருகேசன் சைக்கிளை அப்படியே விட்டுவிட்டார். மஞ்சுநாத் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். நான் தண்ணீர் ஊற்றித் துடைத்தேன். உதடு கிழிந்திருந்தது. பல் எல்லாம் இடத்தில் இருந்தன. முருகேசன்தான் ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"போதும். கெளம்பு பாப்பா. இதுக்குத்தேன் சொன்னேன். ஊருக்குப் போவோம்."

நான் அவரைப் பல்லக்கில் கூட்டிப் போகாமல், மஞ்சுநாத் எனக்குச் செய்தது போல ஒரு தடவை தூக்கிப் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

தனம் உதட்டில் துணியை அழுத்திக்கொண்டே கேட்டாள். "அண்ணே, ஊருல இத்தன வருசம் வீட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேனே. ஒரு தடவையாச்சும் ரத்தம் வந்துச்சா?"

"வரலயே. அதத்தான நானும்..."

"எதுவுமே வரலண்ணே. மேடு வந்தா மேடுன்னு சொல்லு. நான் எந்திரிச்சு உக்காந்துக்கிருவேன். ஒங்கிட்ட நான் கேக்குறது அம்புட்டுத்தேன். கூட்டிட்டுப் போகச் சொல்லல."

முருகேசன் எழுந்து போய், அந்த வேகத்தடையின் மேல் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். "இதுக்குப் பெயிண்ட் அடிக்கல?" என்று மஞ்சுநாத்திடம் கேட்டார்.

"இது பெரிய ரோடுங்க. மேல எழுதிப் போட்டு நச்சரிச்சுக்கினு இருக்கறம்."

"எங்கிட்டுன்னு சொல்லுங்க, நானும் வந்து நச்சரிக்கேன்."

பாகலூரில் டீக்கடையில் உட்கார்ந்தோம். தனம் வீங்கிய உதட்டோடு சிரித்துக்கொண்டு பன்னை டீயில் நனைத்துத் தின்றாள். முருகேசன் பக்கத்தில் வெளிறிப் போய் உட்கார்ந்திருந்தார். கடைக்காரம்மா உள்ளே திரும்பிக் கன்னடத்தில், "அந்த ஆளுக்கு பலமா அடிபட்டிருக்கு, சர்க்கரை கூடப் போடு" என்றதை மஞ்சுநாத் எனக்குத் தமிழில் சொன்னார்.

முருகேசனின் போன் அடித்தது. ஊரிலிருந்து அம்மா.

"ஆமாம்மா... பாத்தேன்... ரோடா? ரோடு..." அவர் எழுந்து கொஞ்ச தூரம் நடந்தார். குரல் மட்டும் இங்கேயே இருந்தது. "லேசா ஒதடு கிழிஞ்சிருக்கு. இல்லம்மா, பைக்குக்காரன் இல்ல. லாரியும் இல்ல. நாந்தேன்... நாந்தேங்கிறேன்ல! அழுகாத. நான் மட்டுந்தேன் வாரேன்."

தனம் குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தார்.

"அம்மா, அண்ணனுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியல" என்றாள். பிறகு ஊர்க்கதை. கடைக்காரம்மா இரண்டாவது டீ கொடுக்கும்வரை ஓயவில்லை.

திரும்பும்போது முன்சீட்டை முருகேசன் கேட்கவில்லை. நான் ஏறிக்கொண்டேன். என் ஒற்றை சைக்கிளில் அவர் பின்னால் வந்தார். வெயில் ஏறி, ரோட்டில் மர நிழல் விழுந்திருந்தது.

"பாப்பா, மேடு!" என்று கத்தினார். தனம் எழுந்தாள். மேடு வந்தது. நல்லது என்றேன்.

"பாப்பா, பள்ளம்!" அது ரோட்டில் கிடந்த சாக்கு. "பாப்பா, மேடு!" அது புளியமரத்து நிழல். "பாப்பா, நாயி! படுத்திருக்கு! எந்திரிச்சாலும் எந்திரிக்கும்!"

தனம் ஒவ்வொன்றுக்கும் பெடலில் எழுந்து எழுந்து உட்கார்ந்தாள். முன்னால் இருந்த எனக்குச் சைக்கிள் குதிரை மாதிரி ஆடியது. கணேசன் சிரித்துச் சிரித்துக் கையைச் சுற்ற முடியாமல் ஓரம் கட்டிவிட்டார். முருகேசன் நிறுத்தவில்லை. எதிரே வந்த பஸ்ஸையும், பக்கத்து வயலில் மேய்ந்த மாட்டையும், தூரத்தில் தெரிந்த கம்பெனிக் கூரையையும் தங்கச்சிக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்.

தனம் என் முதுகுப் பக்கமாகக் குனிந்தாள்.

"அக்கா, வேகமா மிதிங்க. இவன் சத்தம் கேக்காத தூரத்துக்குப் போயிருவோம்."

மிதித்தோம்.